ஒன்பதாவது பங்கு

எனக்கு மலிவான சரக்கு ஆகாது. இது எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். மைத்துனன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பர்பன் விஸ்கியை, பதினைந்தாயிரம் ரூபாய் பாட்டிலாயிற்றே என்று, மூடியைக்கூடத் திருகாமல் இரண்டு வருஷம் பீரோவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

அதை மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டு ஊருக்கு எடுத்துப்போகிறேன் என்றதும், கூட வேலைபார்க்கும் செந்தில்நாதன் தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், அவங்களுக்கு இதோட அருமை என்ன தெரியும்? அந்தக் காசுக்கு சாதாரண பிராந்தியா பெட்டியில வாங்கிக் கொடுங்க. மாசம் முழுக்க உங்க பேரைச் சொல்லிக் குடிப்பாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் கால் என்ன குவார்ட்டர் விலைக்கா போகும்?" என்று கத்திவிட்டேன். பாவம், மனுஷன் அரண்டுபோனார்.

நான் கால்நடை ஆய்வாளர். பெயர் பாலசுப்பிரமணியம், ஊர் மன்னார்குடி. போன ஐப்பசியில் குண்டனி நாட்டில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பும்போது, மழையில் பைக் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தேன். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. ஜீப் வராத பாதை. காளியண்ணன் என்ற விவசாயியும் இன்னும் ஏழு பேரும் மூங்கிலில் கம்பளியைக் கட்டி, தூளி மாதிரி என்னைப் போட்டு, ஐந்து கிலோமீட்டர் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிப்போய்த் தார் ரோட்டில் சேர்த்தார்கள். தூளியில் போடும்போதே எனக்கு நினைவு தப்பிவிட்டது; இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. ஆபரேஷன் செய்த டாக்டர், "இவ்வளவு தூரம் தூக்கிவந்தும் எலும்பு நகரவே இல்லை. நகர்ந்திருந்தால் காலையே எடுத்திருப்போம். உங்கள் அதிர்ஷ்டம்" என்றார்.

அந்த எட்டுப் பேருக்கு எப்படி நன்றி சொல்வது என்று ஏழு மாதமாக ஒரே குடைச்சல். பணம் கொடுத்தால் கூலியாகிவிடும். வெறுங்கையோடு போகவும் மனசு கேட்கவில்லை. என்னிடம் இருந்ததிலேயே உசத்தி அந்த பாட்டில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் காளியண்ணன் வீட்டு வாசலில் எட்டுப் பேரும் கூடிவிட்டார்கள். அவர் பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இது எதுல காய்ச்சுனதுங்க?"

"மக்காச்சோளத்துலங்க."

"சோளத்துக்கா இந்த வெல! நாம கோழிக்கில்ல போட்டுட்டு இருக்கறோம்!"

வாசலே சிரித்தது. சேர்ந்து சுமந்தவர்களுக்குச் சரிபங்கு என்று சொல்லி, காளியண்ணன் ஒன்பது டம்ளரை வரிசையாக வைத்து அளவு பிசகாமல் ஊற்றினார். ஒன்பதாவது எனக்குத்தான் என்று நானாகவே நினைத்துக் கையை நீட்டப்போனேன். அவரோ உள்ளே பார்த்து, "பாப்பாத்தி, உன்ற பங்கை வந்து எடுத்துக்க" என்று கூப்பிட்டார்.

அதற்குள் கருப்பண்ணன் என்பவர் ஒரு மடக்கு குடித்துவிட்டு யோசித்தார். "வாசம் நல்லாத்தான் இருக்குதுங்க. தொண்டையிலதான் ஒண்ணுமே தெரியலீங்க. நம்ம குவார்ட்டருன்னா சுருக்குனு பிடிக்கும்."

என் முகம் தொங்கிவிட்டது. செந்தில்நாதன் பக்கத்தில் இல்லாதது ஒன்றுதான் ஆறுதல்.

காளியண்ணனின் மனைவி பாப்பாத்தி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். "இவங்களும் தூக்குனாங்களா?" என்று கேட்டேன்.

"தூக்குனது நாங்க எட்டுப் பேருங்க. உங்க காலைப் புடிச்சுட்டு வந்தது அவ" என்றார் காளியண்ணன். "முறிஞ்ச எடத்தை ரெண்டு கையிலயும் அணைச்சுப் புடிச்சுட்டு, தூளிகூடவே குனிஞ்சபடி நடந்தா. ரோடு வர்ற வரைக்கும் கையை எடுக்கவே இல்லீங்க. நாங்களாச்சும் தோள் மாத்துனோம். அவளுக்கு மாத்த ஆளில்ல."

டாக்டர் அதிர்ஷ்டம் என்று சொன்னது இந்தக் கைகளைத்தான். ஏழு மாதம் எட்டுப் பேரை நினைத்து உருகிய எனக்கு, இவர் பெயரே அன்றுதான் தெரியும். வெட்கமாக இருந்தது.

"நான் குடிக்கமாட்டனுங்க" என்று சிரித்தவர், டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். "வெலகூடின சரக்குன்னா வலிக்கு நல்லாக் கேக்கும். மழ வந்தா அந்தக் காலு கொடையுமே உங்களுக்கு? நீட்டுங்க சாமி."

"ஐயோ, அது குடிக்கறதுங்க!" என்று என்னை மீறி வாயில் வந்துவிட்டது.

"என்ற பங்குதானுங்க? நான் என்ன வேணும்னாலும் செய்வேன்."

பேண்டைச் சுருட்டிக்கொண்டு காலை நீட்டினேன். அவர் உள்ளங்கையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, தழும்பின் மேல் அழுத்தித் தேய்த்தார். முதலில் சில்லென்றது, பிறகு கதகதவென்று உள்ளே இறங்கியது. எட்டுப் பேரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

"வலிக்குதுங்களா சாமி?"

"இல்லீங்கக்கா" என்றேன். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."