பேரைப் போடுங்க

"இந்தப் பக்கத்துல என் பேரைப் போடுங்க சார்."

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே அப்பா எச்சரித்திருந்தார். குடோனில் மூட்டை தூக்குகிறவர். "லீவு கேளு, சம்பளம் கேளு. பேரு மட்டும் கேக்காதம்மா, இருக்கிற வேலையும் போயிடும்." அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

அகராதி ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். முதுகுக்குப் பின்னால் அலுவலகம் அவரை 'முன்னுரை' என்றுதான் சொல்லும். யார் எழுதிய புத்தகமானாலும் முன்னால் அவர் இரண்டு பக்கம் எழுதிவிடுவார். மேஜையில் அச்சுக்குப் போகும் ஆங்கில-தமிழ் அகராதியின் படி கிடந்தது. 'தொகுப்பு' என்பதற்குக் கீழே அவர் பெயர் மட்டும். 'டி' எழுத்து முழுவதையும் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதியது அவள்.

"ஒரு வார்த்தை சொல்லு பாப்போம், நீ எழுதினதுல."

"டிஸ்பேரேஜ். மட்டம் தட்டுறது, இளக்காரமாப் பேசுறது."

"வேர்?"

"பழைய பிரெஞ்சு சார். முதல்ல கல்யாண விஷயத்துல வந்தது. அந்தஸ்து குறைஞ்ச இடத்துல கட்டிக்குடுக்கிறதுக்குப் பேரு அது. உள்ள இருக்கிற 'பார்' லத்தீன், சமம்னு அர்த்தம்."

அவர் குலுங்கிச் சிரித்தார். "நீயே சொல்லிட்ட பாரு! நாப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். என் பேரு பக்கத்துல நேத்து வந்த பொண்ணு பேரு உக்காந்தா, அது எனக்கு அந்தஸ்து குறைச்சல் இல்லையா?"

"அப்ப உங்க பேரை எடுத்துருங்க சார்."

ஓரத்துக் கணினியில் பக்கம் அமைக்கும் அக்கா சிரிப்பை இருமலாக மாற்றினாள். அவர் முகம் சிவந்து, பிறகு குழைந்தது. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்மா. நன்றிப் பக்கத்துல 'உதவி'ன்னு போட்டுடலாம். இதுல கையெழுத்துப் போடு."

எழுதியவள் உரிமையை விட்டுக்கொடுக்கும் படிவம். அது இல்லாமல் அச்சகம் வேலையைத் தொடங்காது.

"நான் உதவி பண்ணல. எழுதினேன்."

"வீம்பு பிடிக்காத. வேற ஆளை வச்சு எழுதிக்குவேன்."

"எழுதிக்கோங்க. முதல்லேர்ந்து எழுதுங்க. என் வரி ஒண்ணு இருந்தாலும் கேக்க வருவேன்."

"வாசலைத் தாண்டினா திரும்பி வரவே முடியாது, தெரியுமில்ல?"

படிவத்தை வெறுமையாகவே அவர் பக்கம் தள்ளினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஏய், சாப்பாட்டு டப்பாவை விட்டுட்டுப் போறியே!" என்றாள் அக்கா.

"நீங்களே வச்சுக்கோங்கக்கா, கழுவித்தான் வச்சிருக்கேன்" என்றபடி படியிறங்கினாள்.