கிண்ணத்து ஜலம்

ஜனவரியில் என் தோல் உரிய ஆரம்பித்தது. நான் ஒரு தனியார் ஆய்வகத்தில் உயிருள்ள செல்களை வளர்க்கும் அறையில் வேலை பார்க்கிறேன். அங்கே தோலின் ஒரு செதில் விழுந்தாலும் பல வாரத்து வளர்ப்பு கெட்டுப்போகும். மேலதிகாரி சுஷ்மா என் கைகளைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அது எனக்குக் கிடைத்த முதல் வேலை.

எல்லாருக்கும் வருவதுதான் என்றார் டாக்டர். குளிர்காலத்து வறண்ட காற்று, ஹீட்டர், கொதிக்கக் கொதிக்க வெந்நீர், சோப்பு, உடம்பில் உரசும் கம்பளி. ஒவ்வொன்றாக மாற்றினேன். வெதுவெதுப்பான நீரில் குளித்தேன். ஸ்வெட்டருக்குள் பருத்திச் சட்டை போட்டேன். ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவினேன். அரிப்பு நிற்கவில்லை.

டில்லி ஆர்.கே.புரத்தில் அப்பாவின் தூரத்து உறவான கோபாலன் மாமாவின் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பின்னறை எனக்கு. மாமாவின் மனைவி பட்டு மாமி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஹீட்டர் போட்டா பக்கத்துல ஜலம் வைக்கணும்டீ வைதேஹி. டில்லிக்கு வந்து மூணு மாசமாச்சு, இதுகூடத் தெரியலையா? பி.எஸ்ஸி. வேற!"

அரை லிட்டர் அளந்து வைத்தேன். காலையில் கிண்ணம் காலி. அரிப்பு குறைந்திருந்தது.

அவ்வளவு நீர் ஒரே இரவில் ஆவியாகுமா என்று சந்தேகம். அடுத்த இரவு ஹீட்டரைப் போடவில்லை. கிண்ணத்தைத் தட்டால் மூடி வைத்தேன். காலையில் தட்டு அசையாமல் இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. அடியில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. அதில் நான்கு கோடுகள், யாரோ விரல்களால் வழித்ததுபோல.

என் கைகள் மென்மையாகியிருந்தன.

ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது என்றுதான் படித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கிண்ணம் வைக்கவில்லை. சனிக்கிழமை காலையில் விரல் மடிப்புகள் வெடித்திருந்தன. கண்ணாடியில் முதுகைப் பார்த்தேன். என் கை எட்டாத நடுமுதுகில் நான்கு வெள்ளைக் கோடுகள்.

அன்றிரவு கிண்ணம் நிறைய வைத்தேன். வெடிப்புகள் மூடின.

ஞாயிறு மாலை குழாயில் தண்ணீர் வரவில்லை; வாளிகளும் காலி.

"எங்கயோ பைப் உடைஞ்சுடுத்தாம். நாளைக்கு மத்தியானம்தான் வரும்" என்றார் மாமா.

என்னிடம் பாதி பாட்டில் குடிநீர் இருந்தது. எனக்கும் தாகம்தான். குடிக்காமல் கிண்ணத்தில் ஊற்றினேன். அது போதாது என்று தெரியும். மீதியை அது என் தோலில்தான் தேடும். கிண்ணத்தை என் அறைக்கு வெளியே, மாமா மாமி படுக்கும் பக்கமாக வைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டேன்.

திங்கட்கிழமை சுஷ்மா என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன பூசினாய் என்று ஹிந்தியில் கேட்டுச் சிரித்தார். ஒன்றுமில்லை என்றேன். உள்ளே போகச் சொன்னார்.

மாலையில் வீடு திரும்பியபோது மாமி கூடத்தில் நின்று முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"என்னமோ காலம்பறலேர்ந்து ஒரே அரிப்புடீ. முதுகுல கொஞ்சம் எண்ணெய் தடவேன், கை எட்டலை."

திரும்பிப் புடவைத் தலைப்பை விலக்கினார். ரவிக்கைக்கு மேலே, முதுகில், நான்கு வெள்ளைக் கோடுகள்.

எண்ணெய்ப் பாட்டிலை வாங்கிக்கொண்டேன். என் கைகள் மென்மையாக இருந்தன.