சம்பந்தியம்மா சொன்ன ஆன்டிவைரஸ்

கல்யாண ஆல்பம் செய்து கொடுப்பதால் அவளை எல்லோரும் ஆல்பக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய கம்ப்யூட்டர் கூடத்தில், சோபாவுக்கும் துணி காயும் கொடிக்கும் நடுவே இருந்தது. அன்று காலை அதில் ஒரு கேள்வி வந்து நின்றது. இது வீட்டு உபயோகத்துக்கா, தொழிலுக்கா?

"என்னங்க, நம்ம கம்ப்யூட்டர் வீடா, தொழிலா?"

ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த கணவர் நிமிரவில்லை. "அதுமேல என் சட்டை காயுது. வீடுதான்."

"அப்போ நான் நாள் பூரா அது முன்னாடி உக்காந்து பண்றதுக்கு என்ன பேரு?"

"தொழில், தொழில்" என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்கு நழுவினார்.

கேள்வி கேட்டது தம்பி சொன்ன ஆன்டிவைரஸ். இலவசம்தான், ஆனால் வீட்டுக்கு மட்டும். குழம்பிப்போய் 'வீடு' என்று அழுத்தினாள். நாத்தனார் வீட்டுக்காரர் சொன்னதை முந்தின நாள் போட்டபோது 'தொழில்' என்று அழுத்தியிருந்தாள். தம்பி சொன்னதை மட்டும் போட்டால் நாத்தனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவர் சொன்னதை மட்டும் போட்டால் அக்கா தன்னை மதிப்பதில்லை என்று தம்பி புலம்புவான். இரண்டையும் போட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. நம் வீடுகளில் பாதி விஷயங்கள் இப்படித்தான் முடிவாகின்றன.

ஆனால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. அதை நம்பாதே என்றது இது. இதை நீக்கிவிடு என்றது அது. கம்ப்யூட்டர் ஆமையாக நகர்ந்தது. மறுநாள் விமானம் ஏறப்போகும் ஒரு மணப்பெண்ணின் ஆல்பம் பாதியில் நின்றது. கேமராக்காரர் அடுத்த கல்யாணத்துக்காகத் தன் மெமரி கார்டைக் காலி செய்துவிட்டார். அந்தப் படங்கள் மிச்சம் இருந்தது இந்த ஒரு கம்ப்யூட்டரில்தான்.

அந்த நேரம் பார்த்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சம்பந்தியம்மாவின் செய்தி வந்தது. 'அருமையான ஆன்டிவைரஸ். வீட்டுக்கும் தொழிலுக்கும் இலவசம். இன்று மட்டுமே.' கீழே ஒரு லிங்க். பின்னாலேயே ஃபோனும் வந்தது.

"போட்டுட்டீங்களா சம்பந்தி? உங்களுக்காகத்தான் அனுப்பினேன்."

மகள் வாழப்போன வீடு. இல்லை என்று சொல்ல வாய் வருமா? "இதோ, போட்டுக்கிட்டே இருக்கேன் சம்பந்தி."

லிங்கைத் திறந்ததுமே இரண்டு ஆன்டிவைரஸும் சிவப்பு எழுத்தில் ஆபத்து, ஆபத்து என்று கத்தின. முதல் தடவையாக இரண்டும் ஒரே பேச்சுப் பேசின. அவள் அதைக் கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவளுக்கோ தலை கிறுகிறுத்தது. "இதுங்களுக்கு யாரைக் கண்டாலும் ஆகாது" என்று சலித்துக்கொண்டு இரண்டையும் நிறுத்திவிட்டு, சம்பந்தியம்மா அனுப்பியதைப் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் படங்களின் பெயர்கள் வாயில் நுழையாத எழுத்துகளாக மாறின. மணப்பெண் சிரித்த படம் திறக்கவில்லை. அவளுடைய அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்ட படமும் திறக்கவில்லை. படம் வேண்டுமென்றால் பணம் கட்டு என்ற அறிவிப்பு மட்டும் பளிச்சென்று வந்தது.

கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது ஆன்டிவைரஸே இல்லக்கா. வைரஸ்தான் அந்தப் பேர்ல வந்திருக்கு. பணம் கட்டினாலும் படம் வரும்னு நிச்சயமில்ல."

"அப்போ எதுதான் நல்லது? எங்க தம்பி சொன்னதா, நாத்தனார் வீட்டுக்காரர் சொன்னதா?"

"ரெண்டுமே நல்லதுதான். ஒண்ணு போதும். நீங்க ரெண்டு போட்டு சண்டை மூட்டிவிட்டதுல, நெஜமான எச்சரிக்கையும் சண்டையாவே தெரிஞ்சிருக்கு."

அவள் மணப்பெண்ணுக்கு ஃபோன் செய்து ஒளிக்காமல் சொன்னாள்.

"தேர்ந்தெடுக்கறதுக்காக எனக்குக் கொஞ்சம் படம் அனுப்பினீங்கல்ல, அது ஃபோன்ல இருக்குக்கா. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, அதை வச்சே பண்ணிடுங்க" என்றாள் அந்தப் பெண். பிறகு, "அப்பா அழுத படம் அதுல இல்லல்ல?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் ஆல்பக்காரம்மா.

சாயங்காலம் சம்பந்தியம்மா மறுபடி கூப்பிட்டாள். "எப்படி வேலை செய்யுது சம்பந்தி?"

"படமெல்லாம் போயிடுச்சு சம்பந்தி. உங்க கம்ப்யூட்டர்லயும் போட்டிருந்தா உடனே நிறுத்திடுங்க."

"எங்க வீட்ல ஏது கம்ப்யூட்டர்? யாரோ அனுப்பினாங்க. இலவசம்னு இருந்துச்சு, உங்களுக்கு உதவுமேன்னு தள்ளிவிட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று ஆல்பக்காரம்மாவுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து இருந்த குழப்பம் மட்டும் அந்த நிமிஷம் விலகியது.

"தப்பு என் மேலதான் சம்பந்தி. சொன்னவங்க முகத்தைப் பார்த்தேன், சொன்ன பொருளைப் பார்க்கல. இலவசமா எடுக்கலாம், தப்பில்ல. ஆனா யார் செஞ்சதுன்னு தெரிஞ்சு, அவங்ககிட்டயே போய், நம்ம வேலைக்கு ஏத்த ஒண்ணே ஒண்ணை எடுக்கணும். படத்தை இன்னொரு இடத்துலயும் பத்திரமா வைக்கணும். நமக்கே தெரியாததை இன்னொருத்தருக்கு அனுப்பவும் கூடாது. உங்க யார் மனசும் நோகக் கூடாதுன்னு எல்லாத்தையும் போட்டேன். எனக்கு எந்த உறவும் இல்லாத ஒரு பொண்ணு மனசை நோக வச்சுட்டேன்."