அறுபத்து மூன்றாவது கட்டு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அசிங்கம்.

என் வீட்டு மாடியில் குடியிருப்பவர் ஒரு மர ஆலையில் வேலை பார்க்கிறார். பலகைகளைத் தானாக அடுக்கிக் கட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறார். ஒருநாள் அந்த ஆலையைத் தாண்டிப் போனபோது வாசலில் அவர் படத்தைப் பார்த்தேன், ஆள் உயரத்துக்கு. கீழே "சக ஊழியரின் உயிரைக் காத்தவர்" என்று எழுதியிருந்தது. இருபது வருடமாக எழுதுகிறேன், என் படத்தை யாரும் ஓர் ஆணியில்கூட மாட்டியதில்லை. வயிறு எரிந்தது. சரி, அந்த ஆளையே கதையாக்கிவிடுவோம் என்று மாடிப்படி ஏறினேன்.

2

தொடக்கம் ஒன்று: "காட்டின் மௌனம் பலகைகளுக்குள் இன்னும்…"

(வேண்டாம். அந்த ஆலையில் மௌனம் என்ற பேச்சே கிடையாது. காதை அடைத்துக்கொள்ளாமல் உள்ளே விடமாட்டார்கள்.)

தொடக்கம் இரண்டு: "அவர் தங்கமான மனிதர்."

(இதைப் படத்துக்குக் கீழேயே எழுதிவிட்டார்களே. நான் எதற்கு?)

தொடக்கம் மூன்று: "அவருக்குத் தன் சகலையைக் கண்டால் ஆகாது."

இது இருக்கட்டும்.

3

அக்காவைக் கட்டியவர் இவர், தங்கையைக் கட்டியவர் சகலை. மாமியார் வீட்டில் பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை. இருவருக்கும் ஒரே ஆலை, ஒரே இயந்திரம். காலை ஷிப்டு சின்னவருக்கு, மதியம் இரண்டு மணியிலிருந்து பெரியவருக்கு. ஷிப்டில் எத்தனை கட்டு முடிந்தது என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி போர்டில் போடுவார்கள். சின்னவர் அறுபது, அறுபத்தொன்று என்று போய்க்கொண்டிருந்தார். பெரியவர் ஐம்பத்து நாலைத் தாண்டியதில்லை.

"சின்ன மாப்பிள்ளைக்குக் கை வேகம்," என்றார் மாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு நடுவில். "நீங்க நிதானம், மாப்பிள்ள. அதுவும் ஒரு நல்ல குணம்தான்."

திரும்பி வரும்போது மனைவி கேட்டார்: "எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? அம்மா பாராட்டத்தானே செஞ்சாங்க?"

"ஆமா. ஆமையப் பாராட்டுற மாதிரி."

(இதற்கு மனைவி சொன்ன பதிலாக மூன்று வரி எழுதி, அடித்துவிட்டேன். அன்று அவர் சிரித்தாராம், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை நான் எழுதினால் சப்பென்று இருக்கிறது.)

4

இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சங்கிலியில் பலகைகள் வரும். ஒரு வரிசை நிரம்பியதும் இரண்டு இரும்புக் கைகள் அதைத் தூக்கி அடுக்கின் மேல் வைக்கும். காற்றோட்டத்துக்காக ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே குறுக்குக் குச்சிகள் விழும். குச்சி கோணலாக விழுந்தால்தான் இயந்திரத்தைச் சுற்றியுள்ள வேலிக்குள்ளே ஆள் போகவேண்டும். அதற்கு விதி இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்து, தன் படம் ஒட்டிய சிவப்புப் பூட்டை அதில் மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, பிறகுதான் வேலிக் கதவைத் தொடவேண்டும். ஒரு குச்சிக்கு நாலு நிமிடம் போய்விடும்.

பெரியவர் ஒவ்வொரு முறையும் பூட்டினார். சின்னவர் வேறு வழி வைத்திருந்தார். கதவில் ஓர் இரும்புத் துண்டு உண்டு. சாத்தினால் அது ஒரு சுவிட்சுக்குள் நுழையும், திறந்தால் வெளியே வந்து இயந்திரத்தை நிறுத்திவிடும். அதே மாதிரி இன்னொரு துண்டைத் தேடிப்பிடித்து அந்தச் சுவிட்சில் செருகி வைத்துவிட்டார். கதவு திறந்தே கிடந்தாலும் சாத்தியிருப்பதாக இயந்திரம் நம்பிக்கொண்டிருக்கும். பத்து வினாடியில் குச்சியை நேராக்கிவிட்டு வெளியே வந்துவிடுவார். பெரியவருக்கு இது தெரியாது. சகலைக்கு ராசியான கை என்று நினைத்து வெந்துகொண்டிருந்தார்.

5

முதல் முடிவு, நான் எழுதியது:

அன்று பெரியவர் பத்து நிமிடம் முன்னதாக வந்தார். சின்னவர் வேலிக்குள்ளே குனிந்திருந்தார். வரிசை நிரம்பியது, இரும்புக் கைகள் இறங்கத் தொடங்கின. பெரியவர் பாய்ந்து போய் சுவிட்சை அணைத்துப் பூட்டினார். சின்னவரின் மணிக்கட்டுக்கு ஒரு சாண் மேலே கைகள் நின்றன. சகலைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

(அந்த ஒரு சாண் எனக்கு உறுத்தியது. ஆளுக்குக் கை போயிருந்தால் கதை இன்னும் எடுப்பாக… பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.)

கதையை மாடிக்கு அனுப்பினேன்.

6

மறுநாள் காலையிலேயே இறங்கி வந்தார். தாள்களைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

"பாய்ஞ்சேன்னு எழுதியிருக்கீங்க, சார். நான் பாயல."

"நடந்தார்னு மாத்திடறேன்."

"அதுக்கில்ல. அவன் உள்ள இருக்கான்னே எனக்குத் தெரியாது. அடுக்குக்குப் பின்னால இருந்திருக்கான்."

"அப்புறம் எதுக்குப் பூட்டுனீங்க?"

"போர்டுல அறுபத்திரண்டு போட்டிருந்துச்சு. இன்னும் ஒரு கட்டு வந்தா அந்த ஆலையிலயே அதான் அதிகம். ஷிப்ட் மாறும்போது, வர்றவன் பூட்டிட்டு மெஷினப் பாக்கணும்னு விதி. ரெண்டு மணிக்குப் பூட்டணும். நான் ஒண்ணு அம்பதுக்கே பூட்டிட்டேன். அறுபத்திமூணு வரக் கூடாது. மனசுல அவ்வளவுதான் இருந்துச்சு. சாவியப் பையில போடறேன், உள்ளேருந்து 'சகல!'ன்னு ஒரு சத்தம்."

நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்ப அத்தை எனக்குத்தான் மொதல்ல பரிமாறுறாங்க. அவன் பொண்ணு ஓடி வந்து என் கையப் புடிச்சுக்குது. ஆசப்பட்டதெல்லாம் கெடச்சாச்சு சார். சோறுதான் எறங்கல."

"அவர்கிட்டயே சொல்லிடுங்களேன்."

"மூணு தடவ வாயெடுத்தேன். அதுக்குள்ள அவன் 'நீங்க இல்லன்னா எனக்குக் கை இல்ல, சகல'ங்கறான். அந்த இரும்புத் துண்டப் புடுங்கி மேனேஜர் மேசையில வச்சதே அவன்தான். தன் தப்ப அன்னைக்கே ஒத்துக்கிட்டான். அதுலயும் என்னை முந்திட்டான் சார். இப்பவும் அவனப் பாத்தா எரியுது."

எனக்கும் எரிந்தது. நான் ஒரு மாதம் மண்டையை உடைத்தும் வராத முடிவை, மனிதர் போகிற போக்கில் சொல்லிவிட்டார்.

"இத எழுதலாமா?" என்று கேட்டேன்.

படியில் கால் வைத்தவர் நின்றார். "என் வாயால வராது. நீங்க…"

அதற்குமேல் சொல்லாமல் ஏறிப் போய்விட்டார்.

7

ஐந்தோடு நிறுத்தினால் இது ஒரு நல்ல மனிதரைப் பற்றிய சுமாரான கதை. ஆறைச் சேர்த்தால் கதை தேறும், அவர் படம் வாசலிலிருந்து இறங்கும். அவருக்காகத்தான் சேர்க்கிறேன், அவர் மனப்பாரம் இறங்கட்டும் என்று எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பொய் என்பதால் அடித்துவிட்டேன்.

சின்னவர் கதை படிக்கிற ஆள் இல்லை. அவர் மனைவி படிப்பார், அதுவும் இரவல் வாங்கித்தான். உங்களிடம் இந்தப் புத்தகத்தைக் கேட்பவர்களில் அவர் யார் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. அதனால் யார் கேட்டாலும் நீங்கள் ஒரு முடிவு செய்தாக வேண்டும். ஆறும் ஏழும் தனித் தாளில் வரும்படி அச்சகத்தில் சொல்லியிருக்கிறேன். கிழிப்பதானால், கொடுப்பதற்கு முன்பே கிழித்துவிடுங்கள்.