ஏழாம் எண் வீடு

எங்கள் ஊரில் வீட்டு எண்கள் வரிசையாக இருக்காது. முதலில் எழும்பிய வீட்டுக்கு ஒன்று, அடுத்து எழும்பியதற்கு இரண்டு, அவ்வளவுதான். ஆறாம் எண்ணை ஒட்டி நானூற்றுப் பதினொன்று நிற்கும். ரயில் நிலையம் வந்தபோது ஒன்பது வீடுகள். செங்கல் சூளை மூடியபோது இருநூறு. இன்று நாலாயிரத்துச் சொச்சம். எண்ணைப் பார்த்தாலே ஊர் வளர்ந்த கதை தெரிந்துவிடும். நகராட்சியில் அந்த எண்களைப் போடும் குமாஸ்தா நான். மாற்றச் சொல்லி வந்த மனுக்களை மூன்று வருடமாக இழுப்பறையில் தூங்க வைத்தவனும் நான்தான்.

"ஊரோட சரித்திரத்தையே அழிக்கச் சொல்றாங்க" என்று வீட்டில் பொருமுவேன்.

"தபால்காரர் பாவம், மாத்தி விடுங்க" என்பாள் மனைவி.

அன்று காலை அவள் சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிப் பத்து நிமிடம் கழித்து டிரைவர் போனில் வந்தார்.

"சார், மேப்பு ஆறாம் நம்பர் வாசல்ல கொண்டுவந்து விட்டுடுச்சு. ஏழு எங்க?"

"அது அங்க இல்லப்பா. சூளைகிட்ட திரும்பி, குளத்தங்கரையோட வாங்க."

"எந்தச் சூளை சார்? இங்க துணிக்கடைதான் இருக்கு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சூளை போய் முப்பது வருடம் ஆகிறது. குளத்தின் மேல் பேருந்து நிலையம் வந்துவிட்டது. தினமும் தாண்டிப்போகும் துணிக்கடையின் பெயர் நாக்கில் வரவில்லை. நாலாயிரம் வீடுகளின் வயது தெரிந்தவனுக்குச் சொந்த வீட்டுக்கு வழி சொல்லத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு டெய்லர் அக்காவை அவளருகில் உட்காரவைத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பேருந்து நிலைய முனையில் வண்டி தட்டுப்பட்டது. கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டேன்.

"எந்தப் புண்ணியவான் சார் இந்த நம்பரெல்லாம் போட்டது?" என்றார் டிரைவர்.

"அடுத்த வலது" என்றேன்.

அவளை வண்டியில் ஏற்றியதும் அதிலிருந்த நர்ஸ் நாடி பார்த்தார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். முகவரி எழுதத் தாளை எடுத்து, "கதவு எண்?" என்று கேட்டார்.

மனைவி ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினாள்.

"இப்போதைக்கு ஏழுன்னு எழுதிக்கோங்க" என்றாள் மூச்சு வாங்க. பிறகு என்னைப் பார்த்தாள். "மாத்திடுவீங்கல்ல?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். கை சில்லென்று இருந்தது.