பதினோராவது கேள்வி

ரத்த வங்கி நர்சுக்கு நாற்பத்து மூன்று வயது. அங்கே சேர்ந்து பதினேழு வருஷம் ஆகிறது. ரத்தம் கொடுக்க வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, படிவத்தில் இருக்கிற கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் அடிப்பது அவள் வேலை. சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, பச்சை குத்தினீர்களா, யாருடன் உறவு, எத்தனை பேருடன். எதிரில் இருப்பவர் கூச்சத்தில் நெளிந்தாலும் அவள் குரல் ஏறாது, இறங்காது. கத்தரிக்காய் விலை விசாரிக்கிற மாதிரி கேட்கிறாள் என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால் அமையவில்லை என்பாள். உண்மையான காரணம் அவளுக்கே தெரியாது.

ஆறு வருஷமாக மதியச் சாப்பாடு மட்டும் தனியாக இல்லை. ரத்த வங்கி இருக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிடத்தின் ஐந்து லிஃப்டுகளையும் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். விவாகரத்து ஆனவர். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் என்னென்ன சொல்லிப் புலம்பினார்கள் என்று நடித்துக் காட்டுவார். அவர் லீவு போட்டால் அவளுக்கு நாளே உப்புச்சப்பில்லாமல் போகும். போன மாதம் அவர், "சிஸ்டர், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார். சிஸ்டர் என்று கூப்பிட்டுக்கொண்டே கல்யாணம் பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்று அவள் சிரித்துவிட்டு, யோசிக்க நேரம் கேட்டாள். அவரோடு ஒரே வீட்டில் இருப்பதை நினைத்தால் மனசு நிறைந்தது. ஒரே படுக்கையை நினைத்தால் ஒன்றுமே தோன்றவில்லை. பயமில்லை, அருவருப்பில்லை. வயிறு நிறைந்தவளிடம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டது போல இருந்தது.

இந்த நேரத்தில்தான் ஒரு நாள் காலையில் ரத்தம் கொடுக்க ஓர் இளைஞர் வந்தார். அரும்பு மீசை, நிதானமான பேச்சு. படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டு கட்டங்கள் மட்டும் இருந்தன. அடையாள அட்டையில் ஒன்று இருக்கிறது, நான் வேறாக வாழ்கிறேன், எதை டிக் செய்வது என்று அவர் கேட்டார். கார்டில் உள்ளதையே போடுங்கள் என்று அவள் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள். அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, நன்றி சொல்லிப் போய்விட்டார்.

கொடுக்க வந்தவரை ஒரு கட்டம் திருப்பி அனுப்பிவிட்டதே என்று அவளுக்கு உறுத்தியது. படிவத்தை மாற்ற வேண்டும் என்று பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுத்தாள். அவர் படிவத்தை மாற்றச் சம்மதித்ததோடு ஊழியர்களுக்கு அரை நாள் பயிற்சியும் வைத்தார்.

பயிற்சி தர வந்த பெண்மணி பால், பாலீர்ப்பு, உறவுகள் எத்தனை விதம் என்பதையெல்லாம் அலட்டாமல் விளக்கினார். சிலருக்கு யார்மீதும் உடல் ஆசை வராது, அது நோயுமில்லை, விரதமுமில்லை என்று போகிற போக்கில் சொன்னார். கடைசியில் எல்லோருக்கும் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். "அடுத்தவங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி உங்களையே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதிலை யாருக்கும் காட்ட வேண்டாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். பத்துக் கேள்விகளுக்கு மளமளவென்று எழுதிவிட்டாள். பதினோராவது, யாரிடமாவது உடலால் ஈர்க்கப்பட்டிருக்கிறீர்களா, முதலில் எப்போது என்று கேட்டது. பேனா நின்றுவிட்டது.

விடுதியில் தோழிகள் ஆளுக்கொரு நடிகரைப் பங்கு போட்டபோது, யாரும் சீண்டாத மூக்கு நீண்ட ஒருவரை அவள் தேர்ந்தெடுத்தது நினைவுக்கு வந்தது. போட்டிக்கு ஆள் வராது, கேள்வியும் வராது என்றுதான் அப்படிச் செய்தாள். இருபத்தெட்டு வயதில் ஒரு பள்ளி ஆசிரியரோடு பழகினாள். அவர் கையைப் பிடித்தபோது, கை சூடாக இருக்கிறதே, காய்ச்சலோ என்றுதான் நினைத்தாள். மற்றவர்கள் ஆசை ஆசை என்பதெல்லாம் சும்மா மிகைப்படுத்துவது என்றே இத்தனை வருஷமும் நம்பியிருக்கிறாள். சில சமயம் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று மருகியும் இருக்கிறாள்.

'இல்லை. எப்போதும் இல்லை' என்று எழுதினாள். அதன் கீழே, தாள் கேட்காததையும் எழுதினாள்: 'ஆனால் ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கும். அவரோடு சேர்ந்து கிழவி ஆகவும் பிடிக்கும்.' படித்துப் பார்த்தபோது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். பசிதான் வந்தது. நாலு முட்டையை உடைத்து ஊற்றிச் சாப்பிட்டாள்.

அடுத்த தெருவில் இருக்கும் அக்காவிடம் முதலில் சொன்னாள். அக்கா, டாக்டரைப் பார்க்கலாமா என்றாள். தினமும் முப்பது டாக்டரைப் பார்க்கிறேன் என்றாள் தங்கை. அக்கா, எழுதாத கேள்வித் தாள் ஒன்று இருந்தால் கொடு என்று வாங்கிக்கொண்டு போனாள். மூன்று நாள் கழித்து வந்து, பின்பக்கமும் நிறைய எழுதிக் கிழித்துப் போட்டாயிற்று என்றாள். தன் கணவரிடம் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு தங்கையை டாக்டரிடம் போகச் சொல்லவில்லை.

மெக்கானிக்கிடம் மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள். அவர் டப்பாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப என்னைப் பிடிக்கலைன்னு அர்த்தமா?"

"ரொம்பப் பிடிக்கும். அந்த ஒண்ணு மட்டும் என்கிட்ட இல்ல. இருக்கற மாதிரி நடிக்கவும் மாட்டேன்."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். எட்டு நாள் சாப்பிட வரவில்லை. அவளுக்கு வலித்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் வந்தார். முன்பு மனைவியோடு வாழ்ந்த வாழ்க்கையில் மற்றதெல்லாம் இருந்தது, பேச்சுதான் இல்லை என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அது வேணும்னு தோணற நாள் வரலாம். வந்தா மறைக்காம சொல்றேன், உக்காந்து பேசுவோம். ஆனா இந்த எட்டு நாளும் நான் தவிச்சது அதுக்காக இல்ல. நடந்ததையெல்லாம் யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாமத்தான்."

"என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்றாள் அவள். அன்று இடைவேளை முடிந்தும் அரை மணி நேரம் பேசினார்கள்.

அடுத்த மாதம் புதுப் படிவம் வந்தது. பால் என்ற இடத்தில் கட்டங்களுக்குப் பதில் ஒரு கோடு இருந்தது, வந்தவரே எழுதிக்கொள்ளலாம். உங்களை எப்படிக் குறிப்பிடட்டும் என்று கேட்க அவள் பழகிக்கொண்டாள். அரும்பு மீசைக்காரர் மறுபடி வரவில்லை. அது மட்டும் ஒரு சின்ன வருத்தம்.

மழைக்காலம் முடிந்ததும் இருவரும் இரண்டு படுக்கையறை உள்ள ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆபத்து அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற இடத்தில் மட்டும் ஒருவர் மற்றவர் எண்ணை எழுதிக்கொண்டார்கள். என்ன உறவு என்று வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றாகக் குடியிருப்பவர்கள் என்று மெக்கானிக் சொன்னார். வாடகை ஒழுங்காக வருமென்றால் சரி என்றார் அவர்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா திரைச்சீலைகளோடு வந்து இறங்கினாள். மேஜை இன்னும் வந்து சேராததால் மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் ஏணி வாங்கி வரப் பக்கத்து வீட்டுக்குப் போனதும், எந்த அறை யாருடையது என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். ஜன்னல் பக்கம் என்னுடையது, பால்கனி பக்கம் அவருடையது என்றாள் தங்கை.

அக்கா இரண்டு அறைகளையும் எட்டிப் பார்த்தாள்.

"குறட்டைத் தொல்லை இல்ல. கொடுத்து வச்சவ நீ" என்று சொல்லிவிட்டு, நீலத் திரையை எந்த அறைக்குப் போடுவது என்று பிரித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.