வழி விடு

கடப்பாக்கத்தில் மீன் விற்கிற பவானிக்கு எதற்கும் பயமில்லை என்று ஊரே சொல்லும். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கிடந்த ஒரு சின்ன மண்மேட்டுக்கு அவள் நடுங்கியது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஐந்தாம் மாதத்தில் கலைந்த பிள்ளையை அவள் புருஷன் அரசு, ஒரு துணியில் சுற்றிக் கொண்டுபோய் அங்கேதான் புதைத்தான். அதன் பிறகு வயிற்றில் எதுவும் தங்கவில்லை. தங்கவிடாமல் மறிப்பதே அந்தப் பிள்ளைதான் என்று மாமியார் கன்னியம்மா அடித்துச் சொல்லிவிட்டாள். அமாவாசைதோறும் மேட்டில் பால் ஊற்றி, "போ, தம்பிக்கு வழி வுட்டுப் போ" என்று பவானி விரட்ட வேண்டும். பெற்ற வயிறாயிற்றே, எரியாதா? ஆனாலும் விரட்டினாள். வீட்டுக்கு வந்து படுத்தால் அடிவயிற்றில் ஏதோ குத்தும். போகமாட்டேன் என்கிறதோ என்று விறைத்துப்போய்க் கிடப்பாள்.

செங்கல்பட்டில் டாக்டர் ஷாரோன், பிள்ளைக்கான சிகிச்சையைத் தொடங்குமுன் கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்றார்.

"உப்புத்தண்ணி விட்டு உள்ள விரிச்சுப் பார்ப்போம்மா. வலிச்சா சொல்லுங்க."

"தெனமும் உப்புத்தண்ணியில நிக்கிறவ நானு. வுடுங்க" என்றாள் பவானி. வாய்தான் சவடால் அடித்தது. கை கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டது.

திரையில் இளஞ்சிவப்பாய் ஒரு சிறு இடம் விரிந்தது. கேமரா மெல்லத் திரும்பியது. மூலையில் வெள்ளையாய் என்னவோ பதிந்திருந்தது, நெத்திலி முள் மாதிரி. முள்ளோடு பிழைக்கிறவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னா அது?"

டாக்டர் கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோனார். "முன்னாடி கலைஞ்சப்போ சரியா சுத்தம் பண்ணாம விட்டுருக்காங்கம்மா. குழந்தையோட எலும்பு, சின்னச் சின்னத் துண்டு, உள்ளயே தங்கிடுச்சு. அதனாலதான் வேற எதுவும் ஒட்டல. எடுத்துட்டா வாய்ப்பு நல்லாவே இருக்கு. இப்பவே எடுத்துடட்டுமா?"

பவானி வாயைப் பொத்திக்கொண்டாள். அடிப் பாவி! அந்த மேட்டில் நின்றா இத்தனை நாள் கத்தினாள்? அது இங்கேயல்லவா இருந்திருக்கிறது! அம்மா போ போ என்று விரட்டியதையெல்லாம் அவள் வயிற்றுக்குள்ளேயே இருந்து கேட்டிருக்கிறது.

"ஏம்மா அழறீங்க? வலிக்குதா?"

"அல்லாத்தையும் கேட்டுகினே இருந்துச்சு டாக்டர்."

டாக்டருக்குப் புரியவில்லை. "வேணாம்னா இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்றார்.

பிள்ளை வேண்டும் என்றுதானே வந்தாள்? இது போகாமல் அது வராது. பவானி மூக்கை உறிஞ்சினாள்.

"எடுங்க. ஆனா குப்பையில போடக்கூடாது. என் கையில குடுத்துடணும்."

கிடுக்கி உள்ளே நுழைந்தது. கடலுக்குப் புறப்படும் அரசுவைக்கூட அவள் ஒரு நாளும் 'போ' என்று அனுப்பியதில்லை. பெற்றதற்கு மட்டும் அந்த ஒரு சொல்லைத்தான் தந்திருக்கிறாள். திரையில் முள் அசைந்தது.

பவானி அடிவயிற்றில் கையை வைத்தாள்.

"போய்ட்டு வா, கண்ணு" என்றாள்.